படுத்துக் கிடந்த ஸ்காட்ச்

7

விஜயகுமாரி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அதுவே அவளைப் பொறுத்தவரை பெரிய காரியம். தெருவுக்கு ஒரு மதுக்கடை உள்ள வில்லியனூரிலேயே பிறந்து வளர்ந்து, நாற்பத்தெட்டு வயதாகியும் அந்த வாடை அவளுக்குப் பழகவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் குடித்திருந்தால், கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் குடிகாரக் கணவன்மார் கேஸ் என்றால் முதலில் உதவியாளன் மணவாளனைத்தான் அனுப்புவாள்.

இன்றோ, மூடி திறந்த விஸ்கி புட்டி ஒன்று அவள் முகத்துக்கு நேரே நீட்டப்பட்டிருந்தது. நீட்டியவன் அதே மணவாளன்.

"மோந்து பாருங்கக்கா. இருபத்தஞ்சு வருஷம் மரப்பீப்பாயில கெடந்த சிங்கிள் மால்ட். இதை மோந்து பாக்குறதுக்கே ஆளுங்க கோட்டு போட்டுகினு வருவாங்க."

மணவாளன் முன்பு ஒரு ஹோட்டல் பாரில் பரிமாறியவன். ஊற்றியதைவிடப் பேசியது அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்காகவே விஜயகுமாரி அவனைச் சேர்த்துக்கொண்டாள் என்பதை இதுவரை அவனிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அவள் குனிந்து ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். நெருப்பு மாதிரி ஏதோ மூக்கில் ஏறும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஏறியது வேறு. மழையில் நனைந்து மூலையில் மட்கிய அட்டைப்பெட்டி. அதற்கு அடியில் எப்போதோ செத்துப்போன எலி. அவள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதையா மனுஷன் ஆசைப்பட்டுக் குடிக்கிறான்?" என்றாள், புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு.

மணவாளன் கொஞ்சம் ஊற்றி நாக்கில் விட்டான். அடுத்த கணம் ஜன்னல் கம்பி வழியாகத் தோட்டத்துச் செம்பருத்தி மேல் துப்பினான்.

"இல்லக்கா. இதை எவனும் ஆசைப்பட்டுக் குடிக்க மாட்டான். ஏரியில போட்டா கெளுத்தி மீனே கரையேறி நடந்து போயிடும்."

இந்தக் கேஸுக்காக அவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து எதிரே உட்கார்ந்திருந்த ஆனி மேரி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அந்தப் பெண் இல்லை.

புட்டி அவளுடைய அப்பா சூசைநாதனுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வில்லியனூரை ஒட்டிய மாதா கோயில் ஊரில் எல்லாருக்கும் அவர் 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய். ஓய்வு பெற்ற நாளில் அவருடைய கேப்டன் கையில் கொடுத்த புட்டி அது. மகள் கல்யாணத்துக்குத்தான் திறப்பேன் என்று இருபது வருடம் பாதுகாத்தார். போன ஞாயிறு, கோயிலில் ஆனி மேரிக்கும் அருண் சேவியருக்கும் பெற்றோர் பெயர் சொல்லி மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டாம் ஓலை வாசித்து முடிந்த கையோடு, இரு வீட்டு உறவும் கூடிய விருந்தில் அதைத் திறந்தார்கள். ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் பாகூரிலிருந்து அவருடைய சிநேகிதர் பாக்யராஜ் வந்திருந்தார். ரிசார்ட்டுகளில் விருந்தாளிகளை உட்கார வைத்து, கிளாஸைச் சுழற்றி, இதில் தேன் இருக்கிறது, இதில் புகை இருக்கிறது என்று வகுப்பெடுக்கிறவர். கார்க் தூளாக நொறுங்கி வந்தது. புட்டியில் கால்வாசி குறைந்திருந்தது. பாக்யராஜ் சுழற்றினார், முகர்ந்தார், உறிஞ்சினார். சபைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"இது ஸ்காட்ச்சே கெடையாது. கேரமல் கலர் போட்ட லோக்கல் சரக்கு. ஒரிஜினல யாரோ ஏற்கெனவே குடிச்சுட்டாங்க."

எல்லாருடைய கண்ணும் மாப்பிள்ளை மேல் திரும்பியது. அருண் சேவியர் ஒரு மதுக்கடையில் கல்லாவில் உட்காருகிறவன். அதற்கு முந்தைய வாரம் ஃபேன் மாட்ட வந்து, புட்டி இருந்த அறையில் தனியாக இருந்திருக்கிறான். அவன் எழுந்து வெளியே போனான். செய்தி அவன் முதலாளி காதுக்கும் எட்டி, விஷயம் தெளிகிற வரை கடைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். விடிந்தால் மூன்றாம் ஓலை. திருடனுக்குப் பெண் தர மாட்டேன், பூசைக்கு முன்னாலேயே பங்குச் சாமியாரிடம் போய்த் தடை சொல்லிவிடுவேன் என்கிறார் சூசைநாதன். அவர் போய்ச் சொல்லிவிட்டால் நாளைக்குக் கோயில் பீடத்திலிருந்து ஆனி மேரியின் பெயரோடு அருணின் பெயர் ஒலிக்காது. அதற்குப் பிறகு அந்த ஊரில் அவன் முகத்தை நிமிர்த்த முடியாது.

விஜயகுமாரி புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். லேபிளின் ஒரு பக்கம் வெளுத்துத் தூசி ஏறிக் கிடந்தது. மறுபக்கம் நேற்று ஒட்டியது போல் பளிச்சென்று இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு மெல்லிய கறைக்கோடு. புட்டியைச் சுற்றி ஓடாமல், கழுத்திலிருந்து அடி வரை நீளவாக்கில் ஓடியது.

"மணவாளா, ஏரித் தண்ணி வத்தினா கரையில கோடு எப்படி விழும்?"

"தண்ணி எங்க நின்னுச்சோ அங்க விழும்."

"அப்ப இந்தச் சரக்கு எப்படி நின்னுச்சு?"

அவன் புட்டியை வாங்கிப் படுக்கை வாட்டத்தில் பிடித்தான். கோடு நீர்மட்டமாகப் பொருந்தியது. சட்டென்று அவன் முகம் கோணிக்கொண்டது, இரண்டாம் முறை ருசித்தவன் போல.

"ஐயோ அக்கா. படுக்க வச்சிருக்காங்க."

பக்கத்து அறையில் சூசைநாதன் பெருமையாகக் காட்டிய மரத்தட்டில் எல்லாமே படுத்துத்தான் கிடந்தன. சிவப்பு ஒயின், காடி, தேன். கடைசியில் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டிலும். பிரான்ஸில் தான் இருந்த காலமெல்லாம் கண்ணால் பார்த்தது இது, நல்ல புட்டி என்றால் படுத்துத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் கார்க் காயாது என்று அவர் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: இருபத்தைந்து வருடச் சரக்கு தன் வீட்டில் இருபது வருடம் இருந்ததால் இப்போது அதற்கு நாற்பத்தைந்து வயது.

மணவாளன் மிகுந்த மரியாதையோடுதான் ஆரம்பித்தான். ஒயினுக்கு அது சரி. விஸ்கி நின்றுகொண்டே தூங்க வேண்டிய ஜாதி. அதன் காரம் கார்க்கை அரித்துவிடும். அரித்த கார்க் உள்ளேயே ஊறும். சரக்கு கசிந்து குறையும். புட்டிக்குள் போன பிறகு அதற்கு வயசும் ஏறாது. அவ்வளவுதான் சொன்னான். கடைசியில் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க இதுக்குப் பாய் போட்டு, தலகாணி வச்சு, இருபது வருஷமா பொறுமையா சாவடிச்சிருக்கீங்க சார்."

சூசைநாதன் முகம் சிவந்தது. ஆனால் அசரவில்லை. "பாக்யராஜ் நாக்கு பொய் சொல்லாது. அவன் சொன்னதுதான் தீர்ப்பு," என்றார்.

விஜயகுமாரிக்கு உறுத்தியதும் அதே நாக்குத்தான். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது மணவாளனிடம் கேட்டாள். "வெத்தல பாக்குகூடப் போடாத எனக்கே கொமட்டுது. நீ ஜன்னல் வழியாத் துப்புற. நூறு வாசனைக்கு நூறு பேர் சொல்ற ஆளு, இந்த மக்கின அட்டைப்பெட்டி நாத்தத்தப் பத்தி ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

மணவாளன் ஸ்கூட்டரைப் பாகூர்ப் பக்கம் திருப்பினான். அவன் பேசாமல் வண்டி ஓட்டினால் யோசிக்கிறான் என்று அர்த்தம்.

பாக்யராஜ் வீடு ஏரிக்கரையை ஒட்டி, நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே இருந்தது. மனைவி மகளைப் பார்க்கக் காரைக்கால் போயிருப்பதால் தானே சமையல் என்று சொல்லி, முன்னறையில் உட்கார வைத்தார். மழுமழுவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. சென்ட்டைக் குளித்துவிட்டு வந்தவர் போல் அப்படியொரு நெடி. புட்டியைப் பற்றிக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நல்ல மால்ட் என்றால் முதலில் காய்ந்த அத்திப்பழம் வரும், பின்னால் ஈர மரம், அதற்கும் பின்னால் தொலைவில் எரியும் சருகு.

தொலைவில் இல்லை, அடுத்த அறையிலேயே எரிந்துகொண்டிருந்தது.

விஜயகுமாரி முதலில் தன் பிரமை என்று நினைத்தாள். பிறகு மணவாளனைப் பார்த்தாள். அவன் மூக்கும் விடைத்திருந்தது. பாக்யராஜ் எரியும் சருகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அடுப்பறைக்கு ஓடினாள். பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கரிக்கட்டையாகப் பற்றியிருந்தது. கருகிய பாலின் அந்தப் புளித்த கொழுப்பு நாற்றம் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை என்று அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

சாயங்காலம் சூசைநாதன் வீட்டில் இன்னொரு முறை ருசி பார்த்து, எழுத்து மூலமாக வேண்டாம், வாயாலேயே சொல்லிவிட்டால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். மறுத்தால் சந்தேகம் வரும் என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும், "அக்கா, அந்தாளு மூக்கு ஷோவுக்கு மாட்டினது," என்றான் மணவாளன்.

"அதை நாலு பேருக்கு முன்னால நிரூபிக்கணும். போய்க் கெட்டுப்போன எறா வாங்கிட்டு வா."

பூரணாங்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவிடம் போய்க் கெட்டுப்போன எறா வேண்டும் என்று கேட்டு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. என் கூடையில அந்த மாதிரி சரக்கு இருக்குன்னு எவ சொன்னா என்று ஆரம்பித்து, அவனுடைய பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, எருவுக்காக ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு பிடியை மூஞ்சியில் எறியாத குறையாகக் கொடுத்தாளாம். பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்ததில் வில்லியனூர் வரை ஒரு பூனை ஊர்வலமே பின்னால் வந்தது என்று சத்தியம் செய்தான்.

சாயங்காலம் கூடத்தில் ஐந்து கிளாஸ், அந்தப் புட்டி, பக்கத்தில் ஒரு தட்டில் மிளகாய்த்தூளும் இஞ்சியும் தடவிச் சிவக்கப் பொரித்த எறா. கண்ணுக்கு எச்சில் ஊறும். மூக்குக்கு நரகம். ஆனி மேரியிடமும் அவள் அம்மா ஞானசுந்தரியிடமும், என்ன நாறினாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று விஜயகுமாரி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். ஞானசுந்தரி ஜெபம் செய்வது போல் இரு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். சூசைநாதனிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் வந்ததும் முகம் சுளித்தார், கைக்குட்டையை எடுத்தார், மனைவியைப் பார்த்தார். வந்தவர்கள் முன்னால் வீட்டுச் சமையலைக் குறை சொல்ல வேண்டாம் என்று நினைத்தவர் போல் கோடி நாற்காலியில் போய் அமர்ந்தார்.

பாக்யராஜ் சிரித்த முகமாக வந்தார். தட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அழுகல் நாற்றம் மசாலாவோடு கலந்து தொண்டையில் எண்ணெய்ப் படலமாக ஒட்டியது. விஜயகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வெளிச்சத்தில் பார்த்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு நீளமாக இழுத்தார். மணவாளன் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

"அதேதான் மேடம். சக்கரப் பாகு வாசனை. புது சாராயம்."

சொல்லிவிட்டு ஒரு வாய் உறிஞ்சினார். தொட்டுக்கொள்ள இடது பக்கம் கை நீட்டி, கொழுத்த எறா ஒன்றை எடுத்தார். அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது தட்டிவிட வேண்டும் என்பதுதான் விஜயகுமாரியின் திட்டம். கையைத் தயாராக வைத்திருந்தாள்.

"பாக்யா, அத துன்னாத. கெட்டுப்போச்சு."

சொன்னது கோடி நாற்காலி.

பாக்யராஜ் உடனே எறாவைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். விஜயகுமாரியின் கை பாதி தூரத்தில் அப்படியே நின்றது. ஒரு மீனைப் பிடிக்கப் போட்ட தூண்டிலில் வேறு மீன் வந்து மாட்டியிருந்தது.

அவள் முதலில் பாக்யராஜ் பக்கம் திரும்பினாள். "சார், கையில இருக்கறது கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர் சொன்னா, எவனும் முதல்ல அதை மோந்து பாப்பான். அப்புறந்தான் கீழ வைப்பான். நீங்க மோந்தே பாக்கல. ஏன்னா பிரயோசனம் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

பாக்யராஜின் முகத்தில் இருந்த வகுப்பு வாத்தியார் களை வடிந்தது. கொரோனா வந்துபோனதிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். திரும்பி வரும் வரும் என்று காத்திருந்ததாகவும், வெளியே தெரிந்தால் எந்த ரிசார்ட்டும் கூப்பிடாது என்பதால் நிறத்தையும் அளவையும் பார்த்தே பேசப் பழகிக்கொண்டதாகவும் சொன்னார். குனிந்த தலை நிமிரவே இல்லை. விஜயகுமாரிக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அவளுக்கு இப்போது குமட்டியது வேறு ஆளைப் பார்த்து.

"சொல்தா சார், நீங்க நல்ல சிநேகிதர். அதுலதான் மாட்டிக்கினீங்க," என்றாள். "நாங்க நாலு பேரும் நாத்தத்துல செத்துக்கினு இருக்கோம். தட்டு அவர் மூக்குக்குக் கீழ இருக்கு. கோடியில இருக்கற நீங்க அவருக்குச் சொல்றீங்க. கண்ணு தெரியற ஆளுக்கு எதிர்ல குழி இருக்குன்னு நாம சொல்றதில்ல. தெரியாத ஆளுக்குத்தான் சொல்லுவோம். அவருக்கு மூக்கு இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சே தீர்ப்பு சொல்லக் கூட்டிட்டு வந்தீங்க."

சூசைநாதன் கைக்குட்டையை மடித்தார். பாக்யராஜ்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த ரகசியம் சூசைக்கு மட்டும் தெரியும். விருந்துக்கு முதல் நாள் வந்து, இன்ன மாதிரி சொல்லிவிடு, நானும் உன் விஷயத்தை வெளியே விட மாட்டேன் என்று கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டான் என்ற வார்த்தைக்கு முன் அவர் கொஞ்சம் தயங்கினார்.

ஆனி மேரி எழுந்தாள். "பப்பா, அருண் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மரத்தட்டைத் துடைக்கும்போதெல்லாம் புட்டியின் கழுத்து ஈரமாக இருந்ததைக் கவனித்திருக்கிறார். அருண் அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே. ஏன் கசிகிறது என்று புரியவில்லை; ஆனால் கசிகிறது என்று தெரியும். அதைச் சொல்லி முடித்ததும் குரலை உயர்த்தினார். "நீயும் ஒங்கம்மாவும் அடம் புடிச்சீங்கன்னுதான் ஓலைக்கே ஒத்துகினேன். சாராயக் கடை கல்லாவுல ஒக்கார்றவன் எனக்கு மருமவனா? நா சாமியார்கிட்ட இன்னா மூஞ்சிய வச்சிகினு நிக்கிறது?"

மணவாளனுக்கு வாய் துறுதுறுத்தது. குடிக்கிற புட்டியைக் கேப்டன் கொடுத்தான் என்று மரத்தட்டில் படுக்க வைத்துக் கும்பிடுகிறவர், விற்கிற கையைக் கண்டால் அருவருக்கிறார். ஏதாவது சொல்லியிருப்பான். விஜயகுமாரி கண்ணால் தடுத்தாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக, மேசைமேல் இருந்த அந்த மட்கிய நாற்றம் அவளுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அதுவாவது அறியாமல் கெட்டது.

"தடை சொல்லல. வுடு. ஓலைய வாசிக்கட்டும். போதுமா?" என்றார் சூசைநாதன், மகளைப் பார்க்காமல்.

"போதாது பப்பா. விருந்துல இருந்த அத்தினி பேருக்கும் முன்னால அவர திருடன்னு ஆக்கினீங்க. இன்னைக்கே அவங்க வூட்டுக்குப் போயி நீங்க சொல்லணும். இல்லன்னா சாமியார்கிட்ட நானே போறேன். இந்தக் கல்யாணத்துக்கு எங்க அப்பா உயிரோட இல்லன்னு ஓலைய மாத்தி வாசிக்கச் சொல்றேன்."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

சூசைநாதன் எழுந்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று மாறி விழுந்தது, கவனிக்கவில்லை. வாசல்படி வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். எதற்குத் தயங்குகிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

"அந்தப் புள்ள வூடு," என்றார் கடைசியில், தெருவைப் பார்த்தபடி, "கரிக்கலாம்பாக்கத்துல எந்தப் பக்கம்?"

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை வீடு எங்கே இருக்கிறது என்று பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியவில்லை. ஆனி மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதுவரை கையை முகத்திலிருந்து எடுக்காத ஞானசுந்தரி எழுந்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரைத் தாண்டிப் படியிறங்கினாள்.

"வாங்க, காட்டுறேன்," என்றாள். "ஞாயித்துக்கெழமையிலேர்ந்து நா தெனமும் போயிகினுதான் இருக்கேன்."